பஸ் உங்களுக்குத் தெரியும், வீட்டைப் பாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

நான் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் மினிபஸ் ஓட்டியவன். காலையில் பள்ளிப் பிள்ளைகள், சாயங்காலம் தொழிற்சாலை ஆட்கள். வண்டியின் சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டேன். மகள் குடும்பத்தோடு நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறாள். அங்கே ஒரு பழைய டொயோட்டா கோஸ்டர் மினிபஸ், உள்ளே கட்டில், அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்து மோட்டார்ஹோமாக மாற்றியது, விலைக்கு வந்திருப்பதாகப் படங்கள் அனுப்பினாள். உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். வாங்கி மூன்று மாதம் சுற்றிவிட்டு விற்றுவிடலாம் என்று ஆசை. மனைவியோ, “இத்தனை வருஷம் பஸ்ஸோடு மாரடித்தது போதாதா, தூங்குவதும் அதிலேயா?” என்கிறார். நீங்கள் நியூசிலாந்தில் இப்படி ஒரு வண்டி வாங்கி ஓட்டியவர். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? இல்லை, இங்கேயே ஒரு மினிபஸ்ஸை வாங்கி மாற்றிக்கொண்டு மலேசியா பக்கம் போய்விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே வேண்டாம். பஸ் என்றால் ‘சி’ பிரிவு சிஓஇ. அந்தச் செலவுக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருக்கைகளைக் கழற்றிக் கட்டில் போட நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். அதெல்லாம் கிடைத்தாலும் வாரநாட்களில் அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்தத்தில் சும்மா நிற்கும், வாரக்கடைசியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும். மலேசியாவைச் சுற்றக் காரும் ஹோட்டலும் போதும்.

நியூசிலாந்து வேறு. அங்கே இது பழகிப்போன வாழ்க்கை. வண்டியும் நம்மைப் போல இடதுபக்கச் சாலையில்தான் ஓடும். ஆனால் உங்களுக்கு மகள் அங்கே இல்லையென்றால் ‘வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள்’ என்றுதான் எழுதியிருப்பேன். சிங்கப்பூர்க் கடப்பிதழில் போகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று மாதம்தான் தங்க முடியும். (இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி என்றால் முறைப்படி விசா எடுக்க வேண்டும்.) அந்த மூன்று மாதத்தில் தேடுவதற்கு ஒரு பகுதி போகும், விற்பதற்கு இன்னொரு பகுதி போகும். விமான டிக்கெட் தேதி நெருங்க நெருங்க விலை இறங்கும். அது வாங்க வருகிறவர்களுக்கும் தெரியும். மார்ச், ஏப்ரலில் கோடை முடிந்து ஊர் திரும்பும் இளைஞர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்ட விலையில் பாதி கிடைத்தாலும் போதும் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

உங்கள் மகளால் இதையே திருப்பிப் போட முடியும். இப்போது அங்கே குளிர்காலம் தொடங்கப் போகிறது. இது வாங்குகிறவருக்குச் சாதகமான நேரம். மகள் வாங்கித் தன் வீட்டில் நிறுத்தட்டும். தண்ணீர்த் தொட்டியையும் குழாய்களையும் முழுக்க வடித்துவிட வேண்டும், இல்லையென்றால் உறைபனியில் குழாய் வெடிக்கும். நீங்கள் அக்டோபரில் போய், டிசம்பர் கடைசிவரை சுற்றிவிட்டு, கோடைக்கு ஆட்கள் வண்டி தேடும்போது விற்கலாம். விற்காவிட்டாலும் மகள் பார்த்துக்கொள்வாள்.

சரி, வண்டி. இஞ்சினையும் கியரையும் பிரேக்கையும் பற்றி நான் உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய கோஸ்டர் பலவற்றில் வரும் 4.2 லிட்டர் டீசல் எளிதில் சாகாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு மட்டும் ரசீது கேளுங்கள். அடிப்பக்கத்தில் நீங்கள் பார்த்திருக்க முடியாத ஒன்று உண்டு: உப்புத்துரு. அங்கே ஓடும் பழைய மினிபஸ்களில் நிறைய ஜப்பானில் ஓடி முடிந்து இறக்குமதியானவை. ஜப்பானின் பனி விழும் ஊர்களில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்திருந்தால் மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே சேசிஸ், அதாவது அடிச்சட்டம், ஏடு ஏடாக உரியும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். குத்த விடமாட்டேன் என்றால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

உங்களுக்குப் புதிது அந்த வீடுதான். அதைச் செய்தது தொழிற்சாலை கிடையாது. யாரோ ஒருவர் தன் வீட்டு வாசலில், யூடியூப் பார்த்து, வார இறுதிகளில் செய்தது. சிலர் அருமையாகச் செய்திருப்பார்கள். சிலர் எரிவாயுக் குழாயைத் தோட்டத்துக் குழாய் மாதிரி இழுத்து விட்டிருப்பார்கள். எரிவாயுவுக்கும் 230 வோல்ட் இணைப்புக்கும் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பதிவில் இன்னும் பஸ் என்றே இருக்கிறதா, மோட்டார்ஹோம் என்று மாற்றிவிட்டார்களா என்பதையும் காப்புறுதி எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

முதல் எதிரி ஈரம். கோஸ்டருக்கு எத்தனை சன்னல்! எல்லாம் ஒற்றைக் கண்ணாடி. வெளியே ஐந்து டிகிரி, உள்ளே இரண்டு பேர் மூச்சு, அதோடு கொதிக்கும் ரசம். காலையில் கண்ணாடியெல்லாம் வழிந்து சட்டத்தின் கீழே தேங்கி நிற்கும். நமக்கு இங்கே அனுபவப்படாத தொல்லை இது. அதனால் மெத்தையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் உறையைத் துவைத்துப் பளிச்சென்று போட்டிருப்பார்கள். அடியில் பலகையைத் தொடும் பக்கம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூசணம் இருந்தால் சுவருக்குப் பின்னாலும் இருக்கும். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்க வேண்டும். வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது கழிவறை. நாசூக்குப் பார்க்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அண்ணியின் சம்மதம் இதில்தான் இருக்கிறது. அங்கே 2023-இல் சட்டத்தை மாற்றினார்கள். வெளி வசதி இல்லாமலே தங்கக்கூடிய ‘தன்னிறைவு வண்டி’ என்ற சான்று இருந்தால்தான் ஊராட்சிகளின் பல இலவச இடங்களில் இரவு தங்க முடியும். அந்தச் சான்றுக்குக் கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும், கட்டிலை விரித்த பிறகும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். மூலையில் வைத்துக்கொள்ளும் பெட்டிக் கழிவறை இப்போது செல்லாது. சான்றுக்கு அடையாளமாக வண்டியில் ஒட்டும் ஒட்டியில் பழையது நீல நிறம், புதியது பச்சை. விற்பவர் ‘சான்று இருக்கு’ என்றால் என்ன நிறம் என்று கேளுங்கள். நீலத்தை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். விதியை மீறித் தங்கினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

கட்டில் நிரந்தரமா, மேசையை இறக்கி மெத்தை போட்டு உண்டாக்குவதா? இரண்டாவது வகை படத்தில் அழகாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு இடுப்பு வலியோடு பலகை மாற்றிப் பாருங்கள், அப்போது தெரியும். நிரந்தரக் கட்டில் இல்லாத வண்டியை வாங்கச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். மின்சார ரைஸ் குக்கரையும் மறந்துவிடுங்கள், பேட்டரியைக் குடித்துவிடும். எரிவாயு அடுப்பில் சின்ன பிரஷர் குக்கர் போதும். இட்லி மாவு அந்தக் குளிரில் புளிக்காது, தோசைக்கு மகள் வீடுதான்.

காகித வேலை நம் ஊரைவிட எளிது. வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்று அரசுப் பதிவேட்டில் இணையம் வழியாகப் பார்க்கலாம். இருந்தால் கடன் கொடுத்தவர்கள் உங்களிடமிருந்தே வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் உங்களுக்கு விற்கும்போது, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சோதனைச் சான்று ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டால் தவிர. ஒப்புக்கொள்ளாதீர்கள். டீசல் வண்டிக்குச் சாலைக் கட்டணத்தை 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டிய சீட்டில் எந்தக் கிலோமீட்டர் வரை என்று இருக்கும். அதையும் மீட்டரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மீட்டர் முந்தியிருந்தால் பாக்கி நிற்கிறது, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மருமகனும் ஓட்டலாம், அங்கே சாதாரணக் கார் உரிமத்திலேயே 6,000 கிலோ வரை அனுமதி உண்டு.

இப்போது நீங்கள் அனுப்பிய படங்கள். எல்லாமே அகலமாகக் காட்டும் லென்ஸ், அதனால் பாதி இடம்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது படத்தில் பின்சன்னலுக்கு மேலே, கூரைத் துணியில், தேநீர்க் கறை மாதிரி ஒரு வளையம் தெரிகிறது. அதற்குக் கீழே மட்டும் மூன்று தலையணை அடுக்கியிருக்கிறார்கள். கூரையில் காற்றுப்போக்கி பொருத்த ஓட்டை போட்ட இடத்தில் ஒழுகுகிறது என்று நினைக்கிறேன். அது மட்டும்தான் என்றால் பெரிய செலவில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். உள்ளே பலகை ஊறிப்போயிருந்தால் விட்டுவிடுங்கள், வேறு கோஸ்டர் வரும்.

ஒட்டி என்ன நிறம், ஜப்பானில் எந்த ஊர், பெல்ட் ரசீது உண்டா என்று மகளை முதலில் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். பதில் சரியாக இருந்தால் நேரில் போகட்டும், மழை பெய்யும் நாளாகப் பார்த்து. அவள் தலையணைகளை எடுத்துவிட்டு வீடியோ காலில் காட்டும்போது நீங்கள் மட்டும் பார்க்காதீர்கள், அண்ணியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.