பின்வரிசையில் இருந்த மூன்று பேர்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பரந்தனில் ஒரு சமூக அமைப்பில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் கொழும்பில் மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போயிருந்தேன். தெளிவான நோக்கமுள்ள ஒருவர் முன்வந்து அரசு, தனியார், பொது அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தால் எப்பேர்ப்பட்ட சமூகச் சிக்கலையும் அவிழ்க்கலாம் என்றார்கள். அந்த உற்சாகத்தோடு ஊர் திரும்பி, ஏழைப் பெண்களுக்கு நிறுவனங்கள் குழுவாகக் கொடுக்கும் சிறு கடனான நுண்கடன் பற்றி ஒரு கூட்டம் வைத்தேன். பதினொரு அமைப்புகள் வந்தன. அவரவர் திட்டத்தை விளக்கினார்கள், படம் எடுத்தோம், ரோல்ஸும் தேநீரும் முடிந்ததும் கலைந்துவிட்டார்கள். கடன்பட்ட பெண்கள் மூன்று பேர் பின்வரிசையில் இருந்தார்கள், வாய் திறக்கவில்லை. எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் தலைவர்கள் வன்னியில் இனி வரமாட்டார்களா? அல்லது பிழை என்னுடையதா?

சி., பரந்தன்

அன்புள்ள தம்பி,

கூட்டத்தைப் பற்றி நான்கு வரி எழுதியவர், அந்த மூன்று பேரையும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். படம் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அவர்கள் வந்தது தெரியும் என்று எனக்குச் சந்தேகம். ஆகவே உங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கொழும்பில் சொல்லித்தந்த மேசையைப் பற்றித்தான் கொஞ்சம் பேசவேண்டும்.

சிறுபோகக் கூட்டத்துக்கு, அதாவது மழை குறைந்த போகத்தில் குளத்து நீரை எப்படிப் பங்கிடுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு, எப்போதாவது போயிருக்கிறீர்களா? கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அப்பாவோடு போயிருப்பீர்கள். அரசாங்க அதிபர் தலைமை, நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி நீர் என்று அறிக்கை வாசிப்பார், கமநல சேவை அலுவலர்கள் ஒரு பக்கம், கமக்காரர் அமைப்புகள் எதிரே. எத்தனை ஏக்கர், எந்தத் தேதிக்குள் விதைப்பு, மாடு கட்டுவது எப்போது, தண்ணீர் நிறுத்துவது எப்போது என்று முடிவாகும். 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனச் சட்டமே இந்தப் பழைய வழக்கத்தை ஏற்றுக்கொண்டுதான் எழுதப்பட்டது. வெள்ளைக்காரனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

குளம் பாதிகூட நிரம்பாத ஒரு வருடம் நான் அந்தக் கூட்டத்தில் சும்மா ஒரு மூலையில் இருந்தேன். நீர் எல்லோருக்கும் காணாது. அப்படியான வருடங்களில் பங்கு முறைதான்: தண்ணீர் எட்டும் பகுதியில் மட்டும் விதைப்பது, அந்தக் காணியை எட்டாதவர்களோடு பங்கிடுவது. சொல்ல எளிது. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய சத்தம் மதியம் வரை ஓயவில்லை. எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் வாய்க்காலின் தலைப்பில் காணி வைத்திருந்த ஒரு கிழவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். பன்னிரண்டரை இருக்கும், அவர் எழுந்து, "என்னுடைய இரண்டு ஏக்கரில் ஒன்றை வாய்க்கால் கடைசிக்காரருக்கு விடுகிறேன். இனி மற்றவர்கள் கதையுங்கள்" என்று சொல்லிவிட்டு இருந்தார். அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. வீட்டில் மனைவி ஒரு கிழமை முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தக் கிழவரைத் தலைவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருக்கு நோக்கம் இருந்ததா என்றும் எனக்குத் தெரியாது. இரக்கமாக இருக்கலாம், பசியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மண்டபத்தில் பேசிய ஒவ்வொருவருக்கும் முடிவு பிழைத்தால் தன் வயல் காயும். உங்கள் பதினொரு அமைப்புகளில் எந்த ஒன்றுக்காவது அந்தப் பயம் இருந்ததா? கடன் தீராவிட்டால் அவர்களில் யாருடைய சம்பளமாவது குறையுமா? அந்தப் பயம் இருந்தது பின்வரிசையில் மட்டும்தான்.

சிறுபோகக் கூட்டத்தை நான் கோயிலாக்கவில்லை. முடிவெடுத்த அடுத்த மாதமே களவாக விதைப்பவர்கள் உண்டு, இரவில் வாய்க்காலில் பம்ப் வைப்பவர்களும் உண்டு. காணி அனுமதிப்பத்திரம் இல்லாத குத்தகைக்காரருக்கும், கணவரின் பெயரில் பத்திரம் கிடக்கும் பெண்ணுக்கும் அங்கே குரல் குறைவு.

அதே இரணைமடுவில் மேசை பிழையாகிப்போன கதையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் கிடைத்தது. யாழ்ப்பாணத்தாரின் தாகம் பொய்யில்லை; சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் நைத்திரேற்று, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய்க் கலப்பு. கிளிநொச்சிக் கமக்காரரின் பயமும் பொய்யில்லை. சிறுபோகத்துக்கே காணாத குளம். ஆனால் கமக்காரரின் மனம் கேட்கப்பட்டபோது காசும் வரைபடமும் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. சமைத்து முடித்தபின் பந்திக்கு அழைத்தால் கோபம்தானே வரும்? ஒரே மொழி பேசும் இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று சந்தேகிக்கத் தொடங்கின. கடைசியில் வழி கடலுக்குத் திரும்பியது. வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது 2024இல். இடையில் போனவை எத்தனை வருடங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி உங்கள் விஷயம். நுண்கடனைப் பற்றிப் பேசும்போது ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கவனமாகக் கையாளுங்கள். அந்தக் கடன் கொடுக்கப்பட்டதே ஒத்துழைப்பின் பெயரில்தான். ஐந்தாறு பெண்கள் ஒரு குழு, ஒருவருக்கு ஒருவர் பிணை, கிழமைக்கு ஒரு நாள் யாராவது ஒருவரின் முற்றத்தில் கூட்டம். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகமுடியாது. போர் முடிந்து வெறும் கையோடு மீள்குடியேறியவர்களிடம் மிஞ்சியிருந்த சொத்து அயலட்டை உறவு ஒன்றுதான். அதையே அடகாக வாங்கினார்கள். வடக்கில் பெண்கள் தெருவில் இறங்கிய பிறகு, 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையிலான பெண்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது, வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வைத்தது. ஒரு இலட்சத்துக்கு மேல் கடன்பட்டவள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றாள்.

உங்கள் மூன்று பேரும் ஏன் பேசவில்லை என்று இப்போது ஊகிக்கலாம். கூட்டம் என்றால் அவர்களுக்கு வரும் ஞாபகமே வேறு. அதிலும் படம் வேறு எடுத்திருக்கிறீர்கள்.

தலைவர்கள் வரமாட்டார்களா என்ற கேள்விக்கு இரணைதீவைச் சொல்கிறேன். 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், கடற்படை நின்ற தங்கள் தீவுக்காக ஏறக்குறைய ஒரு வருடம் இரணைமாதா நகரில் போராட்டம் இருந்தார்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் ஏறித் தாங்களே போய் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டார்கள். பந்தலில் இருந்த பெண்கள், படகு வைத்திருந்த மீனவர்கள், கூட நின்ற பாதிரிமார். இதில் யார் தலைவர் என்று பயிற்சிக்காரர் கேட்டால் நீங்கள் திணறுவீர்கள்.

என் யோசனை இது. அடுத்த கூட்டத்துக்கு மண்டபம் எடுக்காதீர்கள். அந்த மூன்று பேரில் ஒருவரின் வீட்டு முற்றம் போதும். லோன்காரர் வரும் நாளைத் தவிர்த்து, பிள்ளைகள் பள்ளியால் வந்து சாப்பிட்ட பிறகு வையுங்கள். பதினொரு பேருக்கும் அழைப்பு வேண்டாம். சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர், கிராம அலுவலர், அவ்வளவுதான். திட்ட விளக்கம் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு தவணை அட்டையை வாங்கி, வாங்கிய தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இன்னும் எவ்வளவு என்று அந்தப் பெண் கேட்கும்படி உரக்க வாசியுங்கள். பெயரைச் சொல்லாமல்.

கமரா வீட்டிலேயே இருக்கட்டும். தேநீரை அவர்கள் போடுவார்கள். சீனியையும் தேயிலையையும் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.