ஸ்டேஷனில் கொடுத்த புகார் என்ன ஆச்சு? ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் பதில் சொல்கிறார்

கேள்வி (விழுப்புரம்): பைக் திருடு போச்சு சார். சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்து அனுப்பிட்டாங்க. போதுமா?

பதில்: போதாது. அது புகார் வாங்கியதற்கான ரசீதுதான், வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எஃப்.ஐ.ஆர் இல்லாமல் இன்சூரன்ஸ்காரர்கள் ஃபைலையே திறக்க மாட்டார்கள். இந்த மாதிரிக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகணும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் ஸ்டேஷனில் நின்று வாக்குவாதம் செய்யாதீர்கள். அதே புகாரை எஸ்.பி-க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். ‘ஒரு பண்டல் பேப்பர் வாங்கிட்டு வாங்க’ என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி (சேலம்): எஃப்.ஐ.ஆர் போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. எப்போ போனாலும் ‘ஐ.ஓ (விசாரணை அதிகாரி) பந்தோபஸ்து போயிருக்கார்’னு சொல்றாங்க.

பதில்: பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்! ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ் (பழைய சி.ஆர்.பி.சி-க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறை) சட்டத்தின் 193-வது பிரிவுப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மின்னணு முறையில் தகவல் அனுப்பினாலும் செல்லும். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): அண்ணனை லாரி அடிச்சிட்டு நிக்காம போயிடுச்சு. நம்பர் தெரியல. ஆஸ்பத்திரியில இருக்கார். நாங்க என்ன செய்யணும்?

பதில்: முதல் 48 மணி நேர சிகிச்சை ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் வருமா என்று ஆஸ்பத்திரியில் உடனே கேளுங்கள். வாக்குமூலம் வாங்க போலீஸ் அங்கேயே வருவார்கள், அவரைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம்.

வண்டி கிடைக்காவிட்டாலும் பணம் உண்டு. கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், உயிர் போனால் 2 லட்சம். இது பலருக்குத் தெரிவதே இல்லை. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போலீசுக்கே ஒரு வேலை வைத்தது: ஒரு மாதத்தில் வண்டி தெரியவில்லை என்றால், இப்படி ஒரு நஷ்டஈடு இருக்கிறது, இந்த அதிகாரியிடம் மனு கொடுங்கள் என்று குடும்பத்துக்கு எழுத்து மூலம் சொல்ல வேண்டும். மாதம் தாண்டியும் கடிதம் வராவிட்டால் ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்கள். பின்னால் லாரி சிக்கினால் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம், அதில் வரும் தொகையில் இதைக் கழித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. வார்டு வாசலில் வெற்று வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் படிவம்) கையெழுத்து கேட்டு யாராவது வருவார். போடாதீர்கள். மாவட்ட கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் 15100.

கேள்வி (கோவை): வெளியூர்ல செயினைப் பறிச்சிட்டாங்க. திரும்ப அங்கேயே போய்த்தான் புகார் கொடுக்கணுமா?

பதில்: வேண்டாம். உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’ (குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதியும் எஃப்.ஐ.ஆர்) போடலாம். அங்கே மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.