ஒரே இன்டீரியர் ஸ்டுடியோ ஆபீஸ், உணவகம், கிளினிக், கடை எல்லாம் செய்கிறது. நம்பிக் கொடுக்கலாமா?

"இப்போது நடக்கும் வேலைகள் என்று ஐந்து விதமான இடங்களைக் காட்டுகிறார்கள், எல்லாம் செய்கிறவனுக்கு எதுவும் முழுசாகத் தெரியாது என்று நண்பர் சொல்கிறார்" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் இடம் என்ன என்று சொல்லவில்லை. இவ்வளவு பயத்தோடு கேட்பதைப் பார்த்தால் கிளினிக்காகத்தான் இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் அந்த மாதிரி ஒரு ஸ்டுடியோதான் நடத்துகிறேன். 9 பேர். இன்றைய தேதிக்குக் கையில் ஒரு பல் கிளினிக், ஒரு மென்பொருள் ஆபீஸ் தளம், ஒரு உணவகம், ஒரு துணிக்கடை, ஒரு பள்ளி நூலகம். விளம்பரத்துக்கு எழுதுகிறேன் என்று யாராவது வருவீர்கள், அதனால் ஸ்டுடியோ பெயரைச் சொல்லப் போவதில்லை. தவிர, நான் சொல்லப் போகும் கதையில் நாங்கள்தான் முட்டாள்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு உணவகமும் ஒரு பல் கிளினிக்கும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. உணவக சோபாவுக்கு நல்ல பி.யூ. ரெக்ஸின் ஒன்று எடுத்தோம். தோல் மாதிரியே இருக்கும், தொட்டால் மெத்தென்று இருக்கும். மார்ட்டின்டேல் சோதனையில் 1 லட்சம் ரப் தாங்கியது என்று சான்றிதழ் இருந்தது. கம்பளித் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள், எத்தனை தேய்ப்பில் தேய்ந்துபோகிறது என்று பார்க்கும் சோதனை அது. பொது இடங்களுக்கு 30,000, 40,000 இருந்தாலே நல்ல எண். 1 லட்சம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதையே கிளினிக்கின் காத்திருப்பு நாற்காலிகளுக்கும் போட்டுவிட்டேன். டாக்டர் மேடத்திடம் அந்தச் சான்றிதழைக் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

உணவகத்தில் அந்த சோபா இன்றும் இருக்கிறது. கிளினிக்கில் ஐந்தே மாதம். கைப்பிடி முதலில் பிசுபிசுத்தது. அப்புறம் இருக்கையின் முன் விளிம்பில் மயிரிழை மாதிரி வெடிப்பு. ஒரு நாள் போய்ப் பார்த்தால் மேல்தோல் உரிந்து உள்ளே சாம்பல் நிறத் துணி தெரிகிறது, காத்திருந்த ஒரு சிறுவன் அதை மும்முரமாகப் பிய்த்துக்கொண்டிருக்கிறான்.

காரணம் எளிது. உணவகத்தில் ராத்திரி கடை சாத்தும்போது சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைப்பார்கள். கிளினிக்கில் நாள் முழுக்கக் கிருமிநாசினி, காலையில் ஆல்கஹால், மாலையில் பிளீச் கரைசல். அதைத் தண்ணீர் விட்டு மறுபடி துடைத்தெடுக்க யாருக்கு நேரம்? 1 லட்சம் ரப் என்பது உலர்ந்த உராய்வுக்கான எண். ரசாயனத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான்தான் எல்லாவற்றுக்கும் பதில் அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று டாக்டர் மேடம்கூட அதிகம் பேசவில்லை. வேலையை முடித்துத் துடைப்பத்தோடு நின்றிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்காதான், "நாங்க போடுற மருந்துக்கு இது நிக்காதுன்னு அன்னைக்கே நெனச்சேன் சார், யாரும் கேக்கலையே" என்றார். மொத்த நாற்காலிகளுக்கும் கிருமிநாசினி தாங்கும் மருத்துவத் தர வினைல் போட்டு, முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே துணி நுழைகிற அளவு இடைவெளி விட்டு மாற்றினோம். செலவு எங்களுடையது.

"பார்த்தீர்களா, இதைத்தான் என் நண்பரும் சொன்னார்" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே கிளினிக்கில் ஒரு விஷயம் சரியாக அமைந்தது, அது அதற்கு முன் ஒரு துணிக்கடையில் பட்ட அடியால். கடையில் மெரூனாகத் தெரிந்த சட்டை வாசலுக்கு வந்தால் பழுப்பாகிறது என்று வாடிக்கையாளர்கள் சண்டை பிடித்தார்கள். விளக்கின் சி.ஆர்.ஐ. 80. பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு 100-க்கு எவ்வளவு என்று தரும் மதிப்பெண் அது. சாதாரண ஆபீசுக்கு 80 போதும், நிறம் பார்த்து வாங்கும் இடத்துக்கு 90-க்கு மேல் வேண்டும், அதிலும் சிவப்பு சரியாகத் தெரிகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பல் கிளினிக்கும் நிறம் பார்க்கும் இடம்தானே? செயற்கைப் பல்லின் வெண்மையைப் பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் அங்கே முதல் நாளே பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான, சி.ஆர்.ஐ. கூடிய விளக்குகள் போட்டோம். சிகிச்சை நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் ஆரஞ்சு வேண்டும் என்று கேட்டதையும் மறுத்து வெளிர் சாம்பல் அடித்தோம். ஆரஞ்சுச் சுவர் வெளிச்சத்தையும் ஆரஞ்சாக்கிவிடும். கிளினிக் மட்டுமே செய்திருந்தால் இது எனக்குத் தெரியாமல் போயிருக்கும் என்று சொல்லவில்லை. இவ்வளவு உறைத்திருக்காது.

இப்போதைய உணவக வேலையில் கூரைக்குத் துளையிட்ட பலகையும் மேலே கண்ணாடி இழையும் போடுவது ஆபீஸ் மீட்டிங் ரூம்களில் எதிரொலியோடு மல்லுக்கட்டிக் கற்றது. அது தனிக் கதை.

மருத்துவமனை வேலை மட்டுமே செய்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யு., எம்.ஆர்.ஐ. என்றால் கண்ணை மூடிக்கொண்டு உங்களிடம்தான் போகச் சொல்வேன். நானே அப்படி இரண்டு வேலைகளை அனுப்பியிருக்கிறேன். நான் பேசுவது நாலு சிகிச்சை நாற்காலி உள்ள கிளினிக்கைப் பற்றி.

இன்னொன்று. தயவுசெய்து ஐந்து ஸ்டுடியோக்களிடம் இலவச டிசைன் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். இது நீங்கள் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு கடைக்கு மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்து கொடுத்தோம். "யோசித்துச் சொல்கிறோம்" என்றார்கள், அதோடு சரி. ஆறு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். எங்கள் பில்லிங் கவுன்ட்டர் அப்படியே நிற்கிறது. உயரம் 1,150 மி.மீ. அது எங்கள் பையன் ஒருவன் தப்பாகப் போட்ட எண், 1,050 என்று இருக்க வேண்டும். தப்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பில் போடும் பெண் பாவம், ஒரு பலகை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

சரி, உங்கள் விஷயம். அவர்கள் காட்டும் ஐந்து படங்களை விட்டுவிடுங்கள். அவையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தவை, நடக்கும் வேலைக்கு வேறு எந்தப் படம் இருக்கும்? முடித்து இரண்டு வருடமான ஒரு கிளினிக்கைக் காட்டச் சொல்லி நேரில் போங்கள். நாற்காலி விளிம்பைத் தடவிப் பாருங்கள். தரை வினைல் சுவரில் வளைந்து ஏறுகிறதா, மூலையில் அழுக்குக் கோடு நிற்கிறதா என்று குனிந்து பாருங்கள். எக்ஸ்ரே அறையில் ஈயத்தகடு போட்ட சுவரில் ஸ்விட்ச் பாக்ஸுக்காக வெட்டிய இடத்துக்குப் பின்னால் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். அங்கேயும் ஈயம் வேண்டும், பல பேர் அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவார்கள். உங்கள் வேலையைத் தினமும் கையில் வைத்திருக்கப் போகிறவர் யார் என்று பெயரைக் கேளுங்கள். ஐந்து வேலைக்கும் ஒரே பெயரைச் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். உங்கள் ஆட்கள் எதை வைத்துத் துடைப்பார்கள் என்று கேட்டால் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.