பழைய சக்கரத்தை டியூப்லெஸ்ஸாக மாற்றலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் வசிக்கிறேன். என்னிடம் 29 அங்குல மவுண்டன் பைக் இருக்கிறது. ரிம் இரட்டைச் சுவர் கொண்ட அலுமினிய ரிம், டயர் 2.25 அங்குல அகலம், வால்வு மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற தடித்த வால்வு. மலையடிவார மண்பாதைகளில் ஓட்டும்போது சீமைக்கருவேல முள் ஏறிப் பஞ்சர் ஆவது வழக்கமாகிவிட்டது. டேப்பும் சீலன்ட்டும் (துளையை அடைக்கும் திரவம்) வாங்கினால் இதே சக்கரத்தை டியூப்லெஸ்ஸாக மாற்றிவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. முள் தொல்லைக்கு டியூப்லெஸ் நல்ல தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால், டியூப் இல்லாத சக்கரத்தில் காற்றைப் பிடித்து நிறுத்துவது சீலன்ட்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சரியாகப் பொருந்தாத டயரில் சீலன்ட்டை மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருப்பதற்கு இந்த எண்ணமே காரணம். காற்றைப் பிடித்து நிறுத்துபவை ரிம்மில் இறுகப் பதிந்த டயர் விளிம்பும், ஸ்போக்ஸ் துளைகளை மூடியிருக்கும் டேப்பும்தான். முள் குத்திய சிறு துளையையும் ஓரங்களில் உள்ள நுண்ணிய கசிவையும் அடைப்பதே சீலன்ட்டின் வேலை. எனவே, எதையும் வாங்குவதற்கு முன் ரிம்மையும் டயரையும் சோதித்துப் பாருங்கள்.

டயர், டியூப், உள்ளிருக்கும் ரப்பர் பட்டை ஆகியவற்றைக் கழற்றிவிட்டு ரிம்மின் உட்பகுதியைப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளமும், அதன் இருபுறமும் டயர் விளிம்பு உட்காரும் சமதளமான திண்டும், அந்தத் திண்டு பள்ளத்தைச் சந்திக்கும் இடத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் சிறு மேடும் இருந்தால், அது டியூப்லெஸ்ஸுக்காக வடிவமைக்கப்பட்ட ரிம். ‘டியூப்லெஸ் ரெடி’ என்ற குறிப்பும் பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கும். அந்த மேடுதான் முக்கியம். வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ கல்லில் மோதும்போதோ டயர் விளிம்பு உள்ளே வழுக்கி, காற்று ஒரே மூச்சில் வெளியேறிவிடாமல் தடுப்பது அதுவே. திண்டு அப்படியே சரிந்து பள்ளத்துக்குள் இறங்குகிறது என்றால், அந்த ரிம்மில் டேப் ஒட்டி ஓட்டுபவர்கள் இருந்தாலும், பாறை நிறைந்த இறக்கத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிம்மின் ஓரம் கல்லில் அடிபட்டு நசுங்கியிருந்தாலும் காற்று நிற்காது.

டயர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சாதாரண டயரின் விளிம்பு, உள்ளே டியூப் இருக்கிறது என்ற கணக்கில் செய்யப்பட்டது. டியூப் இல்லாமல் காற்றடித்தால் அது ரிம்மைத் தாண்டி வெடித்து வெளியேறக்கூடும், அருகில் குனிந்திருப்பவரின் கையும் கண்ணும் ஆபத்துக்குள்ளாகும். பக்கச்சுவரும் காற்றுப் புகாதபடி பூசப்பட்டதல்ல என்பதால், சீலன்ட் பொட்டுப் பொட்டாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். மடிக்க முடிகிற டயர் என்பது மட்டும் போதாது; ‘டியூப்லெஸ் ரெடி’ என்று அச்சிடப்பட்ட டயரையே வாங்குங்கள்.

ரிம் தகுதியானது என்றால், அடுத்து உங்கள் முழுக் கவனமும் டேப்பில் இருக்க வேண்டும். ரிம்மின் உள்ளகலத்தை அளந்து, அதைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதல் அகலமுள்ள டியூப்லெஸ் டேப்பை வாங்க வேண்டும். உள்ளகலம் 25 மி.மீ. என்றால் 28 மி.மீ. டேப் பொருந்தும். இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகி நகர்ந்துவிடும், வேண்டாம். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ரிம்மை இரண்டு முறை துடைத்து நன்றாக உலரவிடுங்கள். வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டிக்கொண்டு வந்து, துளையைத் தாண்டி ஒரு சாண் சென்று முடித்தால், துளைப் பகுதியில் இரண்டு அடுக்கு அமையும். நடுப்பள்ளத்தில் டேப் படியாமல் பாலம்போல் நின்றால், காற்றழுத்தத்தில் பின்னர் அங்கேதான் கிழியும். ஆகவே துணியால் அழுத்தித் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். பிறகு, கீழே சொல்லும் முறையில் டேப்பில் வால்வுத் துளையைத் திறந்து, டியூபுடன் டயரை மாட்டிக் காற்றடித்து ஓர் இரவு வைத்திருந்தால் டேப் நன்றாகப் பதிந்துவிடும். வால்வுத் துளையில் டேப்பைப் பிளேடால் கீறாதீர்கள், கீறல் நீண்டுகொண்டே போகும்; சூடாக்கிய ஆணி முனையால் குத்தினால் விளிம்பு உருகி வட்டமாக நிற்கும்.

உங்கள் ரிம்மில் தடித்த வால்வுக்கான சுமார் 8.5 மி.மீ. துளை இருக்கும். கடைகளில் எளிதில் கிடைக்கும் மெல்லிய பிரெஸ்டா வகை டியூப்லெஸ் வால்வு 6.5 மி.மீ. துளைக்கானது, அது உங்கள் ரிம்மில் தளர்ந்து ஆடும். தடித்த ஷ்ரேடர் வகையிலேயே டியூப்லெஸ் வால்வு கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அதன் திருகு வளையத்தைக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும். குறடு போட்டு இறுக்கினால் டேப் கிழிவதோடு, வழியில் கழற்றவும் முடியாமல் போகும்.

முதலில் சீலன்ட் இல்லாமலே டயரைப் பொருத்திப் பாருங்கள். டயர் விளிம்பில் சோப்பு நீர் தடவி, வால்வின் உள்முள்ளை (வால்வுக்குள் திருகியிருக்கும் ‘வால்வ் கோர்’) கழற்றிவிட்டு, கம்பிரஸரால் காற்றை வேகமாகச் செலுத்தினால், டப் டப் என்ற ஓசையுடன் விளிம்பு திண்டில் ஏறி உட்காரும். டயரிலும் ரிம்மிலும் குறிப்பிட்டுள்ள அதிகபட்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. பஞ்சர் கடையில் செய்வதானால் கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மோட்டார் வாகனக் கணக்கில் அடித்துவிடக் கூடும். டயர் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ரிம்மிலிருந்து ஒரே இடைவெளியில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. அதன்பின் காற்றை இறக்கி, ஊசியில்லாத சிரிஞ்சினால் வால்வு வழியே சக்கரத்துக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட் செலுத்தி, உள்முள்ளைத் திரும்பப் பொருத்தி, மீண்டும் காற்றடித்து, சக்கரத்தைக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் இருபுறமும் மாற்றி மாற்றிப் படுக்க வையுங்கள்.

சைக்கிளுக்கான லேடெக்ஸ் சீலன்ட்டையே பயன்படுத்துங்கள். நம் வெயிலில் அது விரைவில் உலர்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். திரவம் சலசலக்கும் ஓசை கேட்கவில்லை என்றால் மேலும் ஊற்ற வேண்டும்.

காற்றழுத்தத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். டியூப் இருந்தவரை, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் அது நசுங்கிக் கிழியும் என்பதால் 35 பிஎஸ்ஐ வைத்திருப்பீர்கள். இனி சுமார் 70 கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் 25 என்று தொடங்கி, ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டியும் குறைத்தும் தமக்கு ஏற்றதைக் கண்டறியலாம். மண்ணிலும் சரளையிலும் டயரின் பிடிப்பு கூடுவதை உடனே உணர்வீர்கள். டியூப்லெஸ்ஸின் பெரிய லாபம் இதுதான் என்பது என் கருத்து.

முள் துளைகளைச் சீலன்ட் சில நொடிகளில் மூடிவிடும். கூரிய கல் கிழித்த பெரிய துளைக்கு ரப்பர் பிளக் செருக வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் டியூப் போட வேண்டியதுதான், ஆகவே ஒரு டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும். அதைப் போடுவதற்கு முன், பல வாரங்களாக உங்களுக்குத் தெரியாமலே ஏறி உடைந்து நிற்கும் முள் முனைகளைத் தடித்த துணியால் டயரின் உட்புறம் முழுவதும் தடவிக் கண்டுபிடித்து அகற்றுங்கள். ஒன்று தங்கினாலும் புது டியூப் போட்ட நிமிடமே பஞ்சர் ஆகும்.

ரிம் தகுதியற்றது என்று தெரிந்தால் முழுச் சக்கரத்தையும் மாற்ற வேண்டிய அவசியமில்லை. இருக்கும் ஹப்பிலேயே, அதே எண்ணிக்கையில் ஸ்போக்ஸ் துளைகள் உள்ள டியூப்லெஸ் ரெடி ரிம்மைக் கட்டிக்கொள்ளலாம். புது ரிம்மின் அளவுக்கேற்ப ஸ்போக்ஸ் நீளம் மாறக்கூடும் என்பதால் சக்கரம் கட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்தச் செலவும் இப்போது வேண்டாம் என்றால், தடித்த வால்வின் உள்முள் கழற்றக்கூடியது என்பதால், இருக்கும் டியூபுக்குள்ளேயே டியூபுக்கு உகந்த சீலன்ட்டை ஊற்றி ஓட்டலாம். அழுத்தத்தைக் குறைத்து ஓட்டும் வசதி இதில் கிடைக்காது, எடையும் சற்றுக் கூடும். ஆனால் சீமைக்கருவேல முள்ளால் ஆகும் பஞ்சர்களில் பெரும்பாலானவை நின்றுவிடும்.