இந்தோனேசியர்கள் நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு காலனிய வரலாற்றைப் பேசி என்ன ஆகப்போகிறது?

ஆகும். முன்பே ஆகியிருக்கிறது.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் படித்தபோது என் அறைத்தோழர் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரக்காரர். சனிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பேர் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். டச்சுப் பள்ளிப் பாடநூல்களில் தங்கள் நாட்டைப் பற்றி இருப்பதை வரிவரியாகப் படித்து மறுப்பு எழுதுவார்கள். "இதை ஜகார்த்தாவிலேயே செய்யலாமே?" என்று நானும் கேட்டேன். "எங்கள் நாட்டுப் பெயரையே இங்கே வந்துதான் கையில் எடுத்தோம்" என்றார்.

உண்மைதான். 1908இல் லெய்டனில் மாணவர்கள் தொடங்கிய சங்கத்துக்கு ஆட்சியாளர்கள் வைத்த 'இண்டீஸ்' என்ற பெயர்தான் இருந்தது. 1922இல் அது 'இந்தோனேசிய' சங்கமானது. 1925இல் டச்சு மொழியையும் உதறிவிட்டு 'பெர்ஹிம்புனான் இந்தோனேசியா' (இந்தோனேசியச் சங்கம்) ஆனது. இந்தோனேசியா என்ற சொல் அறிஞர்களிடம் முன்பே புழங்கியதுதான். அதை விடுதலைக் கோரிக்கையாக மாற்றியதில் இந்த மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரோட்டர்டாமில் பொருளாதாரம் படித்த, பின்னாளில் இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவரான முகம்மது ஹத்தா அந்தச் சங்கத்தின் தலைவர். 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் நேருவைச் சந்தித்தார். செப்டம்பரில் கைதானார். 1928 மார்ச்சில் ஹேக் நீதிமன்றம் அவரையும் கூட்டாளிகளையும் விடுவித்தது.

இன்று நடக்கும் சண்டையும் சொல் மீதுதான். 1945இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்த பிறகு அதை மீண்டும் அடக்க, ஒரு லட்சத்துக்கும் அதிகமான படையினரை அனுப்பி நடத்திய போருக்கு டச்சுக்காரர்கள் 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் வைத்தார்கள். சுதந்திரம் எப்போது என்றால் 1945 ஆகஸ்ட் 17 என்பார்கள் இந்தோனேசியர்கள். டச்சு அரசு நெடுங்காலம், உடன்பாடு போட்டுத் தான் ஆட்சியை ஒப்படைத்த 1949 டிசம்பர் 27 என்றே சொல்லிவந்தது. வெறும் தேதித் தகராறு என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியல்ல. 1949தான் சரி என்றால் நடந்தது உள்நாட்டுக் கலகத்தை அடக்கியது. 1945 என்றால் சுதந்திர நாட்டின் மீது படையெடுப்பு. அந்த 1949 உடன்பாட்டில் சுமார் 430 கோடி கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கடனும் இந்தோனேசியாவின் தலையில் ஏற்றப்பட்டது. தங்களை அடக்க வந்த போரின் செலவும் அதில் அடக்கம். படிக்கும்போது வயிறு எரிந்தது. 2023இல்தான் பிரதமர் ருட்டே 1945ஆம் ஆண்டுத் தேதியை முழுமையாக ஏற்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்.

'பேசி என்ன ஆகும்' என்பதற்கு நான் காட்டுவது ராவகடேயை. மேற்கு ஜாவாவின் அந்தக் கிராமத்தில் 1947 டிசம்பர் 9 அன்று டச்சுப் படை ஆண்களைச் சுட்டுக் கொன்றது. 431 பேர் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அவர்களுடைய விதவைகள் ஹேக்கில் வழக்குப் போட்டார்கள். பின்னால் நின்றது நெதர்லாந்தில் குடியேறிய இந்தோனேசியர் ஒருவர் தொடங்கிய சிறு குழு. காலம் கடந்துவிட்டது என்ற அரசின் வாதத்தை 2011 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. மன்னிப்பும் ஆளுக்கு 20,000 யூரோவும் வந்தன. படுகொலையில் தப்பி, வழக்கிலும் சேர்ந்திருந்த முதியவர் ஒருவர் தீர்ப்புக்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துபோயிருந்தார்.