இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலையை விட்டுப் படிக்கப் போகிறேன். கர்த்தர் தேவைகளைச் சந்திப்பார் என்று நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். நான் இறங்கியவள். எதை நம்பினேன், எதில் கோட்டை விட்டேன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவுமா பாருங்கள்.

எங்களுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். பெண்களுக்கென்று 1895-இலேயே சாரா டக்கர் கல்லூரி வந்த ஊர்தான். ஆனாலும் 35 வயதில் ஒருத்தி யூனிபார்ம் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் 8,500 ரூபாய்க்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பி.எட். இல்லாதவளுக்கு எந்தப் பள்ளியிலும் பிடிமானம் கிடையாது. 2022-இல் வேலையை விட்டுவிட்டு பி.எட். சேர்ந்தேன். முன்பெல்லாம் ஒரே வருஷப் படிப்பு; 2015-இலிருந்து இரண்டு வருஷம். அந்தக் கூடுதல் வருஷம் எங்கள் மாதிரி வீடுகளில் எவ்வளவு பெரியது என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

கணவர் லேத் பட்டறையில் வேலை, சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. "யேகோவாயீரே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நான் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாத்துக்கிடுவாரு, சரி. செமஸ்டர் பீஸ் என்னைக்குக் கட்டணும்?" அவிசுவாசம் என்று அன்று சண்டை போட்டேன். இன்று யோசித்தால், அந்த வீட்டில் தெளிவாக ஜெபிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

ஏனென்றால் நான் ஆறு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜெபக்குறிப்பு கேட்டால் "என் படிப்புக்காக ஜெபிச்சுக்கோங்க" என்பதோடு சரி. பணக் கஷ்டத்தை வெளியே சொன்னால் என் விசுவாசம் குறைச்சல் என்று ஆகிவிடுமோ என்று பயம். உள்ளே இருந்தது வெறும் ரோஷம். விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். அந்த ரோஷத்தில்தான் என் இரண்டு வளையலை அடகு வைத்ததும். மீட்க முடியவில்லை, ஏலத்துக்குப் போய்விட்டது. அதற்காகவும் அழுது ஜெபித்தேன். வரவில்லை. இதைச் சாட்சி நேரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாவது செமஸ்டருக்குப் பணம் கட்ட வேண்டிய வாரம். கூட்டத்தில் நான் வழக்கம்போல முணுமுணுக்க, பக்கத்தில் இருந்த என் அத்தை எழுந்து, "இவளுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள 12,000 கட்டணும், கையில 4,000தான் இருக்கு. எதுக்கு ஜெபிக்கியோம்னு தெரிஞ்சு ஜெபிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஓய்வுபெற்ற டீச்சரக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். 8,000 ரூபாயை மேசையில் வைத்து, "வட்டி வேண்டாம், ஆனா முதல் வேணும்" என்றார். கூடவே தினத்தந்தித் தாளில் சுற்றிய பழைய சார்ட்டுகள், தெர்மாகோலில் செய்த பித்தாகரஸ் தேற்ற மாடல். (அந்த மாடலை எண்ணை மட்டும் மாற்றி மூன்று தடவை ரெக்கார்டில் காட்டியிருக்கிறேன்.) போன வருஷம் முடித்த பெண் யூனிபார்ம் சேலை கொடுத்தாள், முந்தானையில் இங்க் கறையோடு. எதிர்வீட்டு அக்கா, சின்னவனைப் பள்ளிவிட்டு வந்ததும் ஆறரை மணிவரை வைத்துக்கொண்டார். 16 வாரப் பயிற்சி ஆசிரியர் காலம் அந்த அக்கா இல்லாமல் நடந்தே இருக்காது.

எலிசா தீர்க்கதரிசியிடம் வந்த விதவையின் கதையை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரம். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான், வீட்டில் ஒரு குடம் எண்ணெய்தான் இருக்கிறது. பிரசங்கத்தில் எல்லாரும் எண்ணெயைப் பற்றியே பேசுவார்கள். ஆனால் தீர்க்கதரிசி முதலில் அனுப்பியது அக்கம்பக்கத்து வீடுகளுக்கு. போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்கிறார். ஊரில் ஒரு பொம்பளை வீடு வீடாகப் போய் வெறும் பானை கேட்டால், இவள் வீட்டில் என்ன நிலைமை என்று யாருக்குத் தெரியாமல் போகும்? அந்த வெட்கத்தைத் தாண்டித்தான் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு எண்ணெய் வார்க்கிறாள். அந்த ஒரு குடத்திலிருந்தே எல்லாப் பாத்திரமும் நிறைகிறது. பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெயும் நின்றுபோகிறது. நான் ஆறு மாதம் ஒரு பானைகூடக் கேட்காமல் எண்ணெய்க்கு மட்டும் ஜெபித்திருக்கிறேன்.

இன்னொன்று. நான் வேலையை விட்டதும் பள்ளியில் என் பிள்ளைகளுக்கு இருந்த பீஸ் சலுகையும் போனது; சின்னவனை அரசு தொடக்கப் பள்ளிக்கு மாற்றினோம். அதற்கு ஒரு நாள் முழுக்க அழுதேன். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஏழேகாலுக்கு வீட்டை விட்டு ஓடுகிறவளுக்கு அந்த ஒரு தட்டு உப்புமா என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியாது. கல்லூரிக்கும் டவுன் பஸ்தான், பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. "அது கவர்மென்ட் குடுக்கிறது, ஆண்டவர் குடுக்கிறதில்ல" என்று சங்கத்தில் ஒருவர் வாதம் செய்தார். எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்ததே, அதில் மட்டும் காகத்தைப் பார்க்காமல் ஆண்டவரைப் பார்க்கிறோம் இல்லையா?

கேட்டவருக்கு: சேருமுன் கல்லூரிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் வருஷப் பயிற்சிக் காலத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று இப்போதே ஒருவரிடம் பேசிவிடுங்கள். ஜெபக்குறிப்பைத் தொகையோடும் தேதியோடும் சொல்லுங்கள். நான் 2024-இல் முடித்தேன், இப்போது 14,000 சம்பளம், டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு இன்னும் பாக்கி. டீச்சரக்காவுக்கு முதல் முழுவதும் கொடுத்தாயிற்று.

ஒரு கடன் மட்டும் நிற்கிறது. அத்தை தினமும் உலை வைக்கும்போது கோயிலுக்கென்று, அதாவது சர்ச்சுக்கென்று, ஒரு பிடி அரிசி எடுத்துக் கலயத்தில் போடுவார். ஒரு மாதக் கடைசியில் ரேஷன் அரிசியும் தீர்ந்துவிட்டது. கலயத்தை நான் பார்த்ததை அத்தை பார்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் கவிழ்த்து, மூன்று படி அளந்து பானையில் கொட்டினார். "ஆண்டவர்ட்ட கைமாத்துன்னு சொல்லியாச்சு" என்றார். வேலைக்குப் போன மாதத்திலிருந்து திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டரைப் படி போட்டாயிற்று, இன்னும் அரைப்படி பாக்கி என்பது அத்தையின் கணக்கு.