சரக்கும் இருப்பும்: கடைக்காரர் கேள்விகள்

கேள்வி: சூரத்திலிருந்து சேலை எடுக்கிறேன். வியாபாரி ‘ஏழே நாள்’ என்கிறார். ஆனாலும் முகூர்த்த நேரத்தில் ரேக் காலியாகிவிடுகிறது. எங்கே தப்பு? (ஜவுளிக்கடை, திண்டுக்கல்)

பதில்: அந்த ஏழு நாளை நம்பியதுதான். அவர் எண்ணுவது லாரி ஏறிய நாளிலிருந்து. நீங்கள் எண்ண வேண்டியது, போனில் ஆர்டர் சொன்னதிலிருந்து சேலை விலைச்சீட்டோடு ரேக்கில் ஏறும் வரை. டிசைன் சேர்த்துக் கட்டு போட 3 நாள், அங்கே லாரி ஷெட்டில் லோடு சேர 2 நாள், இங்கே போய் எடுக்க ஆளில்லாமல் 1 நாள். ஏழு, பதின்மூன்று ஆகிவிட்டதா? தினம் 10 சேலை போனால் 130 வேண்டும். தாமதத்துக்கு ஒரு 50 சேருங்கள். இருப்பு 180-க்கு இறங்கியதும் அடுத்த ஆர்டர்.

தீபாவளி வந்தால் இந்தக் கணக்கும் செல்லாது. தீபாவளி முடிந்து சில நாளில் வரும் லாப பஞ்சமி வரை சூரத்தில் பெரும்பாலும் கடை திறக்க மாட்டார்கள். ஊருக்குப் போன ஒடிசா தொழிலாளிகள் திரும்பி, பட்டறைகள் வேகம் பிடிக்க மேலும் இரண்டு மூன்று வாரம். தை முகூர்த்தச் சரக்கை தீபாவளிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், எனக்கே சலித்துப்போன ஒன்று: ஆர்டர் தேதி, வந்த தேதி, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ஆறு பில் சேர்ந்தால் வியாபாரியின் வாய்ச்சொல்லே வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு ஸ்டாக் வைக்கலாம்?

பதில்: எதில்? கற்பூரத்திலா, கம்பியிலா? தினசரி விற்பனை, சரக்கு வர ஆகும் நாள், இரண்டும் இல்லாமல் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சிமென்ட் விலை ஏறுமாம். 500 மூட்டை வாங்கிப் போடலாமா? தினம் ஐந்து போகும்.

பதில்: வேண்டாம். விற்க 100 நாள் ஆகும். மூன்று மாதம் தாண்டினால் பலம் குறையும், மழைக்காலத்தில் கட்டியே தட்டிவிடும். விலையில் மிச்சம் பிடித்ததை மூட்டையில் விடுவீர்கள்.

கேள்வி: மருந்துக்கடையில் முதலில் வந்ததைத்தானே முதலில் விற்க வேண்டும்?

பதில்: இல்லை, முதலில் காலாவதியாவதை.

கேள்வி: பாத்திரப் பட்டறைக்காரர் எங்கள் ஆர்டரை மட்டும் தள்ளிப்போடுகிறார்.

பதில்: பாக்கி எத்தனை நாள்? அதை மட்டும் எழுதவில்லையே! பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் ஆண்டுச் சட்டம். பழைய பில்லை முடித்துவிட்டு ஆர்டர் சொல்லிப் பாருங்கள். அந்தத் தேதியையும் நோட்டில் எழுதுங்கள்.